அவிழ்க்காத கை

மாலை ஆறே முக்கால் மணி. கிடங்குச் சாலை.

ஒரு பக்கம் நீளமான மதில். மறு பக்கம் முள்வேலி போட்ட காலி மனைகள். நடைபாதை கிடையாது. விளக்குக் கம்பங்கள் இருக்கின்றன... ஒன்று விட்டு ஒன்றுதான் எரியும். பகலெல்லாம் லாரி போய் வருகிற இடம், இருட்டினால் எப்போதாவது ஒரு லாரி தவிர ஈ காக்கை இருக்காது. இந்தச் சாலையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மற்றதை மறந்தாலும் பரவாயில்லை.

கைப்பேசியைக் கவிழ்த்து வையுங்கள். ஆமாம், நீங்களும்தான். இது என் சிநேகிதியின் அண்ணிக்கு நடந்தது. அவள் அண்ணி என்பாள், நாமும் அண்ணி என்றே வைத்துக்கொள்வோம். ஜன்னல் ஓரத்தில் இருப்பவர் இப்போதே சிரிக்கிறார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று சொல்லத்தானே வாயைத் திறந்தீர்கள்? மூடிக்கொள்ளுங்கள். அண்ணி அரண்டவள் இல்லை. அவளுக்கு இருந்தது பயமே இல்லை... வயிற்றெரிச்சல்.

அண்ணிக்கு இரண்டு வேலை. பகலில் கைப்பேசி விளையாட்டு செய்கிற ஒரு சின்ன கம்பெனி. சாயங்காலம் பயிற்சி நிலையத்தில் கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ் வகுப்பு. கம்பெனியில் அவளோடு ஒரே நாளில் சேர்ந்தவள் ஒருத்தி இருந்தாள். உயரமானவள், கொஞ்சம் கூன் போட்டு உட்காருவாள். விளையாட்டில் வரும் ஆட்களை நடக்க, ஓட, மூச்சு விட வைப்பது அவள் வேலை. எல்லோரும் பொம்மைக்காரி என்பார்கள். படம் போடுகிற பேனாவை நாள் முழுக்கப் பிடித்து மணிக்கட்டு வலி, அதனால் எப்போதும் யூகலிப்டஸ் தைலம் தடவியிருப்பாள். ஒரு பொம்மையை ஓட்டிப் பார்ப்பதற்கு முன்னால் பேனாவால் மேசையில் இரண்டு தட்டு தட்டுவாள். டொக்... டொக். "எழுந்திருடி" என்று எழுப்புவது போல.

விளையாடுகிறவர் திரையைத் தொடாமல் விட்டால் பொம்மை சும்மா நிற்கும் இல்லையா? அந்தச் சும்மா நிற்பதையும் ஒருவர் உட்கார்ந்து செய்ய வேண்டும். அதுதான் இருப்பதிலேயே கஷ்டம். அண்ணி செய்த பொம்மைகள் பாஸ்போர்ட் படத்துக்கு நிற்பது போல நிற்கும். பொம்மைக்காரி செய்தவை, நாம் பார்க்காத நேரத்தில் வேறு எதையோ நினைத்துக்கொண்டு நிற்கும்.

முதலாளி ஒரு நாள் சொன்னார். "உங்க பொம்மை சரியா இருக்கும்மா. அவங்க பொம்மை உயிரோட இருக்கு." நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். அண்ணி அன்று சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை.

வகுப்பில் பிள்ளைகள் கேட்டார்கள். "மேடம், உங்க கம்பெனியில இருக்காங்களே, அந்த மேடம் ஒரு நாள் வந்து கிளாஸ் எடுப்பாங்களா?" வீட்டில் புருஷன் சோபாவில் படுத்து விளையாடிக்கொண்டே கேட்டார். "இது நீ பண்ணதா?" இல்லை என்றாள். "அதானே பார்த்தேன்." மனுஷன் அன்று இரவு தானே எடுத்துப் போட்டுச் சாப்பிட்டார்.

இதையெல்லாம்கூட அண்ணி பொறுத்துக்கொண்டிருப்பாள். விஷயம் மகளிடம் வந்துவிட்டது.

மகளுக்கு ஏழு வயது. பள்ளிக்கூட வேன் நாலு மணிக்கு அவளைக் கம்பெனி வாசலில் இறக்கிவிடும். அந்த நேரம் அண்ணி வகுப்புக்குக் கிளம்பிவிடுவாள். பிள்ளையைப் பார்த்துக்கொள்வது பொம்மைக்காரி. அண்ணியே கேட்டுக்கொண்ட உதவி அது. ஆறே முக்காலுக்குப் பொம்மைக்காரி பிள்ளையின் இடது கையைப் பிடித்துக்கொண்டு கிடங்குச் சாலை வழியாக நடத்தி வந்து, மெயின் ரோட்டில் அண்ணி பஸ்ஸை விட்டு இறங்கும் இடத்தில் ஒப்படைப்பாள். பிள்ளை அவளை அத்தை என்று கூப்பிட்டது. பஸ்ஸிலிருந்து இறங்கும் அம்மாவைப் பார்த்ததும் ஓடி வரும்... ஆனால் கையை விட ஒரு கணம் யோசிக்கும். அந்த ஒரு கணத்தை அண்ணி தினமும் பார்த்தாள்.

அப்புறம் ஒரு மதியம், புது விளையாட்டைப் பெரிய திரையில் போட்டுக் காட்டினார்கள். இருட்டு ஊரைத் தாண்டிப் போகிற ஒரு சின்னப் பெண். விளையாடிக் காட்டிய முதலாளி கையை எடுத்துவிட்டு, "சும்மா நிக்கட்டும், பாருங்க" என்றார். பெண் நின்றாள். வலது கால் விரலால் இடது கெண்டைக்காலைச் சொறிந்தாள். விழுந்த பல்லின் ஓட்டையில் நாக்கை விட்டுப் பார்த்தாள். அறையில் எல்லோரும் "அட" என்றார்கள்.

தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். திரையில் ஆடியது அண்ணியின் சதை. மகளுக்குப் பல் விழுந்தது போன வாரம்தான். கெண்டைக்காலைச் சொறிவது... அது அண்ணிக்கே தெரியாது. வீட்டுக்கு வந்து, குளிர்பெட்டியைத் திறந்துகொண்டு நின்ற மகளை ஒளிந்து பார்த்தாள். வலது கால் மெல்ல எழுந்தது, இடது கெண்டைக்காலைச் சொறிந்தது.

பெற்றவள் பார்க்காததை ஒருத்தி உட்கார்ந்து பார்த்திருக்கிறாள். ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளருமாம். இவளுக்குத் தன் பிள்ளை என்று ஒன்று கிடையாது. அதனால் என் பிள்ளையை எடுத்துக்கொள்வாளா? அண்ணி அன்று ராத்திரி தூங்கவில்லை.

மறுநாள் சொன்னாள். "இனிமே நீங்க பார்த்துக்க வேணாம். பக்கத்து வீட்டு அக்கா பார்த்துக்கறாங்க."

பொம்மைக்காரி பேனாவை மேசையில் வைத்தாள். "சரிங்க... பாப்பாகிட்ட சொல்லிட்டீங்களா?"

"என் பொண்ணுகிட்ட நான் சொல்லிக்கறேன்."

அதற்குப் பிறகு பொம்மைக்காரி அந்தச் சாலையில் தனியாக நடந்தாள். அடுத்த வாரமே ஒரு சாயங்காலம், கிடங்கு வாசலிலிருந்து பின்பக்கமாக வெளியே வந்த லாரி அவளைப் பார்க்கவில்லை. ஓட்டுநரிடம் தப்பு இல்லை என்கிறார்கள். அவள் குனிந்து, பக்கத்தில் யாரிடமோ பேசிக்கொண்டு வந்தாள் என்று அவர் சொன்னாராம். பக்கத்தில் யாரும் இல்லை.

அண்ணி அழுதாள். பொய்யாக இல்லை. ஆனால் அழுகைக்கு முன்னால் ஒரு கணம்... நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கியது. அது அண்ணிக்கும் தெரியும்.

பொம்மைக்காரி பாதியில் விட்ட வேலை அண்ணியிடம்தான் வந்தது. அது வந்து சேர்ந்த வாரம், வகுப்பில் அண்ணி ஒரு பாடம் நடத்தினாள். எல்லா வருடமும் நடத்துகிற பாடம்தான். பொம்மை ஒரு கம்பைப் பிடிக்க வேண்டும் என்றால் கம்ப்யூட்டரில் கையைக் கம்போடு கட்டிவிடுவார்கள். கம்பு போகிற இடத்துக்கெல்லாம் கை போகும். கம்பு வேண்டாம் என்றால் முதலில் கட்டை அவிழ்க்க வேண்டும். பிறகுதான் கம்பை அழிக்க வேண்டும்.

பின்வரிசையிலிருந்து ஒருவன் கேட்டான். "அவிழ்க்காம அழிச்சா என்ன மேடம் ஆகும்?"

"கை சும்மா இருக்காது. திருகிக்கிட்டு வேற எங்கயாவது போய் ஒட்டிக்கும். அப்புறம் நீ நாள் பூரா தேடணும். அழிச்சதை எப்படிடா அவிழ்ப்ப?" வகுப்பு சிரித்தது. அண்ணியும் சிரித்தாள்.

வகுப்பு இல்லாத ஒரு நாள். பக்கத்து வீட்டு அக்கா ஊரில் இல்லை, மகள் கம்பெனி முன்னறையில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தாள். மற்றவர்கள் கிளம்பிவிட்டார்கள். அண்ணி பொம்மைக்காரியின் ஃபைலைத் திறந்தாள். சின்னப் பெண் நின்றாள், சொறிந்தாள், நாக்கால் பல்லைத் தேடினாள். அதற்குப் பிறகு அண்ணி அதுவரை பார்க்காத ஒன்று இருந்தது. பெண் இடது கையை மேலே நீட்டினாள். விரல்கள் மூடின. யாருடைய கையையோ பிடித்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள்... அந்தச் சிரிப்பு அண்ணிக்குத் தெரியும். அது மெயின் ரோட்டில், கையை விடுவதற்கு முன்னால் வருகிற சிரிப்பு.

கை எதோடு கட்டியிருக்கிறது என்று தேடினாள். வெறும் புள்ளி. திரையில் தெரியாத ஒரு புள்ளி. அதற்குப் பொம்மைக்காரி வைத்திருந்த பெயர், "நான்".

அண்ணி ஒரு காரியம் செய்தாள். அளவெல்லாம் சரியாகத் தன்னைப் போலவே ஒரு பொம்மை செய்து பெண்ணின் பக்கத்தில் நிறுத்தினாள். கை எட்டவில்லை. அண்ணி குள்ளம். மகளின் மூடிய விரல்கள் அண்ணியின் கைக்கு மேலே, காற்றில் நின்றன. தோள் அவ்வளவு உயர்ந்திருந்தது. நகர்த்திப் பார்த்தாள், திருப்பிப் பார்த்தாள். எப்படி நின்றாலும் பிள்ளையின் கை அவளைத் தாண்டி வேறு ஒருத்தியிடம் போனது.

செத்தும் விட மாட்டாளா இவள்? அண்ணிக்குக் கண் இருட்டியது. புள்ளியைத் தொட்டாள். அழித்தாள். கட்டை அவிழ்க்கவில்லை.

கை தாறுமாறாகத் திருகிக்கொண்டு போயிருக்க வேண்டும். போகவில்லை. மெல்ல இறங்கி, ஒழுங்காகப் பக்கத்தில் தொங்கியது. யாரோ பார்த்துப் பார்த்து இறக்கி வைத்தது போல.

டொக்... டொக்.

அண்ணி திரும்பினாள். பொம்மைக்காரியின் மேசை காலியாக இருந்தது. நாற்காலியைக்கூட எடுத்துவிட்டிருந்தார்கள். குழாய் சொட்டும் சத்தம் என்று சொல்லிக்கொண்டு விளக்கை அணைத்தாள். மனசு லேசாகத்தான் இருந்தது... ஜெயித்துவிட்டாள் இல்லையா.

ஆறே முக்கால். கிடங்குச் சாலை. அண்ணி மகளின் வலது கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். மழை வருகிற காற்று. ஒரு விளக்கைத் தாண்டி, இருட்டைத் தாண்டி, அடுத்த விளக்கு. அதன் வெளிச்சத்தில் மதிலில் விழுந்த நிழலைப் பார்த்தாள். மகளின் இடது கை மேலே நீட்டியிருந்தது. விரல்கள் மூடியிருந்தன. தோள்... அதே உயரம்.

"கையை இறக்குடி."

"பிடிச்சிருக்காங்கம்மா."

தைலம் மணத்தது. அண்ணிக்குப் பயம் வரவில்லை. கோபம் வந்தது. அந்தக் கையை நான் பிடிக்கிறேன், எவள் விடாமல் இருக்கிறாள் பார்ப்போம் என்று மகளின் வலது கையை விட்டாள். விட்டுவிட்டு அந்தப் பக்கம் போகச் சுற்றிவந்தாள். இரண்டு எட்டு. அவ்வளவுதான்.

பீப்... பீப்... பீப். கிடங்கு வாசலிலிருந்து லாரி பின்பக்கமாக வெளியே வந்தது. மகள் நேராக அதன் பாதையில் நின்றாள்.

மகள் நகர்ந்தாள். நடக்கவில்லை... நகர்ந்தாள். இடது கை முன்னே போக, கால்கள் தரையை விட்டு எழும்ப, மதிலோரத்தில் கொண்டுபோய் நிறுத்தியது போல நின்றாள். அவள் நின்றிருந்த இடத்தில் லாரிச் சக்கரம் ஏறி இறங்கியது.

அண்ணி ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள். பிள்ளையின் உடம்பில் ஒரு கீறல் இல்லை. இடது மணிக்கட்டில் மட்டும் நாலு விரல் அழுந்திய சிவப்பு. தைல வாசனை.

மகள் அழவில்லை. நிதானமாகச் சொன்னாள். "நீ விட்டுட்டேம்மா. அத்தை விடல."

மறுநாள் விடிந்ததும் அண்ணி கம்பெனிக்கு ஓடி அந்த ஃபைலைத் திறந்தாள். கட்டு அப்படியே இருந்தது. எதோடு கட்டியது என்கிற இடம் மட்டும் காலி. புள்ளி இல்லை. அன்று வகுப்புக்குப் போகவில்லை. அதற்குப் பிறகு அந்தப் பாடத்தையே வேறொருவர்தான் நடத்துகிறார்.

அந்த விளையாட்டு வெளியே வந்தது, நன்றாகவும் ஓடியது. அதில் வரும் பெண் கையைத் தொங்கவிட்டுத்தான் நிற்கிறாள். வேண்டுமானால் தேடிப் பாருங்கள்... இப்போது வேண்டாம், கைப்பேசி கவிழ்ந்தே இருக்கட்டும்.

பேய் பிடித்ததா, ஓட்டினார்களா என்று கேட்காதீர்கள். எனக்குத் தெரியாது. மகளுக்கு ஒன்றும் இல்லை, நன்றாகச் சாப்பிடுகிறாள், நன்றாகப் படிக்கிறாள். அண்ணிக்கும் பயம் கிடையாது என்கிறாள் என் சிநேகிதி. இன்றைக்கும் வயிற்றெரிச்சல்தான். மகள் நடக்கும்போது அண்ணி இரண்டடி பின்னால் வருவாளாம், அந்தத் தோளையே பார்த்துக்கொண்டு. அளவு பார்க்கிற கண் இல்லையா, அது ஏமாறாது.

மகளுக்கு இப்போது பன்னிரண்டு வயது. அண்ணியைவிட உயரம். இத்தனை வளர்ந்த பிறகு, பொம்மைக்காரியே உயிரோடு வந்து பிடித்தால்கூட அந்தக் கை தாழ்ந்துதான் இருக்க வேண்டும்.

தாழவில்லை. இன்றைக்கும் தோளுக்கு மேலே அதே அளவு தூக்கிப் பிடித்திருக்கிறது... பிடித்திருப்பதும் கூடவே வளர்ந்துகொண்டு வருகிறது.