மூணாம் ஷிப்டின் இரண்டாவது கேசட்

கேசட்டை வெயிலில் வைக்கக் கூடாது. கடைக்கு வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதுதான். சூரமங்கலத்தில், ஜங்ஷனுக்குப் போகும் சாலையில், பத்து வருஷமாகப் பாட்டுப் பதிவு செய்து கொடுக்கிறேன். என் கையில் யாருடைய கேசட்டும் கெட்டதில்லை, ஒன்றைத் தவிர. அந்த ஒன்றைப் பற்றி நிறையப் பேர் கேட்டிருக்கிறார்கள். எல்லோருக்கும் ஒரே பதிலைச் சொல்லியிருக்கிறேன். அது உண்மையில்லை.

‘மூணாம் ஷிப்டு’ உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். எடப்பாடியில் விசைத்தறி ஓட்டிக்கொண்டிருந்த மூன்று பேர் சேர்ந்து வைத்த பாட்டுக்குழு. அருணகிரி பாடுவான், கிட்டார் வாசிப்பான். ரயில்வே குடியிருப்பிலிருந்து ஆஸ்திரேலியாவுக்குப் போன ஆங்கிலோ இந்தியச் சட்டைக்காரர் ஒருவர் விற்றுவிட்டுப் போன கிட்டார் அது. மற்ற இருவரும் டிரம்முக்கும் ஆர்கனுக்கும். சினிமாப் பாட்டு ஒன்றுகூட வாசிக்க மாட்டார்கள். சொந்த வரி, சொந்த மெட்டு. காலேஜ் பையன்கள் அதை ராக் என்றார்கள்.

எண்பத்தொன்றில் முதல் கேசட் வந்தது. தறிச் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்திப் பழகிய குரல். முதலாளியை, வெயிலை, வராத தண்ணீரை, கும்பிட்ட சாமியை, ஒன்று விடாமல் வைது பாடியிருந்தான். எனக்கு அப்போது இருபத்தொன்பது வயது. அதுவரை யாரிடமும் குரலை உயர்த்திப் பேசியதில்லை. அப்பா அடித்தபோதும் இல்லை. அந்தக் கேசட் எனக்காகப் பேசியது. காப்பி போட்டுப் போட்டுக் கொடுத்தேன். லாரி டிரைவர்கள் அதை ஆந்திரா வரைக்கும் கொண்டுபோனார்கள்.

பிறகு நான்கு வருஷம் ஒன்றும் வரவில்லை. ஒருவன் போர்வெல் வண்டியோடு வடக்கே போனான். இன்னொருவன் இளம்பிள்ளையில் பெண் எடுத்து அங்கேயே தங்கிவிட்டான். இரண்டாவது கேசட் எப்போது என்று நாமக்கல்லிலிருந்தெல்லாம் கடைக்கு ஆள் வரும். “வருதுங்க, பெருசா வருது” என்பேன். அது எப்படி இருக்கும் என்று நானே சொல்ல ஆரம்பித்தேன். முதலாவதைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும் என்றேன். சொல்லச் சொல்ல, நான் ஏற்கெனவே அதைக் கேட்டுவிட்டது போலவே ஆகிவிட்டது.

எண்பத்தைந்து சித்திரையில் அருணகிரி கடைக்கு வந்தான். கழுத்தில் துண்டு சுற்றியிருந்தான். கூடவே அவன் மனைவி சௌந்திரம், இடுப்பில் எட்டு மாதக் குழந்தை நல்லு. அவன் பேசியது காற்று போவது போலக் கேட்டது.

“தொண்டைல கட்டிங்கண்ணா. மெட்ராசுல ஆப்பரேசன். அதுக்கப்பறம் கொரலு இருக்காதுன்னு சொல்லிப்போட்டாங்க. அதுக்குள்ள எட்டுப் பாட்டு பாடி வெச்சரலாம்னு பாக்கறேன். காலைல கொஞ்ச நேரம் கொரலு நல்லா வருது.”

என் சொந்த டேப் ரெக்கார்டரைக் கொடுத்தேன். புதுக் கேசட்டும் கொடுத்தேன். எந்த இரண்டு பட்டனைச் சேர்த்து அமுக்க வேண்டும் என்று சௌந்திரத்துக்குக் காட்டிக் கொடுத்தேன். கடைசியாக ஒன்று சொன்னேன். “பதிஞ்சதப் போட்டுக் கேட்டறாதீங்க அம்மிணி. ஒரிஜினல் தேஞ்சுரும். நேரா எங்கிட்டக் கொண்டாந்துருங்க.”

ஒருமுறை போட்டுக் கேட்டால் ஒன்றும் தேயாது. முதலில் கேட்பவன் நானாக இருக்க வேண்டும் என்று நினைத்தேன். அவ்வளவுதான்.

பத்து நாள் கழித்து, மெட்ராசுக்கு ரயிலேறப் போகும் வழியில் கேசட்டைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். நூறு காப்பி போடச் சொன்னான். கடையைப் பாதி சாத்திவிட்டுக் கேட்டேன்.

அவன் யாரையும் வையவில்லை. கிட்டார் மட்டும்தான். மெதுவாகப் பாடியிருந்தான். சௌந்திரம் தலை துவட்டுவதைப் பற்றி ஒரு பாட்டு. தறி நின்ற பிறகு காதுக்குக் கிடைக்கும் அமைதியைப் பற்றி ஒன்று. கடைசிப் பாட்டு நல்லுவின் பெயரைச் சொல்லிச் சொல்லித் தூங்க வைப்பது. நடுவில் குழந்தை சிணுங்குவதும் பதிவாகியிருந்தது. அவன் சிரித்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து எடுத்துப் பாடினான்.

மூன்று நாள் திரும்பத் திரும்பக் கேட்டேன். இதை எப்படி வெளியே கொடுப்பது என்று யோசித்தேன். நான்கு வருஷம் காத்திருந்தவர்கள் சிரிப்பார்கள். அவன் பேர் கெட்டுப்போகும். அவன் பேரைக் காப்பாற்றுகிற பொறுப்பு எனக்கு இருப்பதாக நினைத்தேன். நிதானமாகத்தான் நினைத்தேன்.

நான்காம் நாள் மதியம் கேசட்டை மெஷினில் போட்டு, மைக் எதுவும் சொருகாமல், பதிவு பட்டனை அமுக்கினேன். அழிப்பதற்கும் பாடுகிற அளவு நேரம் ஆகும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்காது. நாற்பத்தாறு நிமிஷம். ஒரு பக்கம் முடிந்ததும் எடுத்துத் திருப்பிப் போட வேண்டும். திருப்பிப் போட்டேன். இடையில் ஒருவர் பேட்டரி கேட்டு வந்தார், எடுத்துக் கொடுத்தேன். எந்த நிமிஷத்திலும் நிறுத்தியிருக்கலாம். கடைசிப் பாட்டு இருந்த இடம் வரும்போது மணி பார்த்தேன். இன்னும் ஐந்து நிமிஷம் இருந்தது. உட்கார்ந்திருந்தேன்.

ஆப்பரேசன் முடிந்து இரண்டு மாதம் கழித்து வந்தார்கள். அருணகிரி கழுத்தில் ஓட்டை போட்டிருந்தார்கள். பேச்சு இல்லை. என்னைப் பார்த்துச் சிரித்துக் கைகூப்பினான். நான் கேசட்டை எடுத்து வைத்து ஓட விட்டேன். இரைச்சல் மட்டும் வந்தது.

“ஒண்ணுமே பதியலீங்க அம்மிணி,” என்றேன். “ரெண்டு பட்டனையும் சேத்து அமுத்தோணும்னு சொன்னனே. ஒண்ண மட்டும் அமுத்தியிருக்கறீங்க.”

இதை நான் முன்கூட்டி யோசித்து வைக்கவில்லை. வாயில் வந்தது. சௌந்திரம் தன் விரலைப் பார்த்தாள். “நான் ரெண்டையுந்தானுங்க…” என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டாள். அருணகிரி அவள் தோளைத் தட்டி, போகட்டும் என்பது போலக் கையை ஆட்டினான். அவள் பஸ் ஏறும் வரை அழுததைக் கடையிலிருந்தே பார்த்தேன்.

அவன் அதற்குப் பிறகு இரண்டு வருஷம் இருந்தான்.

போன மாதம் சௌந்திரம் நல்லுவைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். பிள்ளைக்கு ஐந்து வயது. முதல் கேசட் அறுந்துவிட்டது, இன்னொரு காப்பி வேண்டும் என்றாள். “போட்டுக் காட்டுனா இது எங்கப்பா இல்லீங்கறா. ஆரோ கோவக்காரரு கத்தறாருன்னு ஓடிப்போயர்றா,” என்றாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “நீங்க மெசின், கேசட்டு எல்லாம் நம்பிக் குடுத்தீங்க. நான்தான் கெடுத்துப்போட்டேன். அவரு ஒரு நாள்கூட என்னைய ஒண்ணும் சொல்லல. உங்ககிட்டயாச்சும் மன்னிப்புக் கேக்கோணும்னு இருந்தனுங்க.”

“பரவால்லைங்க அம்மிணி,” என்றேன்.

நான் அவளை மன்னித்தேன். அதை இங்கே எழுதும்போது கை கூசுகிறது.

நல்லு மேசையில் முகவாயை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். “எம்பேரு சொல்லி எங்கப்பா ஒரு பாட்டு பாடுனாராமா. நீங்க கேட்டீங்களா?”

“இல்ல சாமி,” என்றேன்.

அவன் பேரைக் காப்பாற்றத்தான் செய்தேன் என்று நான்கு வருஷமாக எனக்கு நானே சொல்லி வந்திருக்கிறேன். அந்த எட்டுப் பாட்டையும் போல ஒன்றை அதற்கு முன்பும் பின்பும் நான் கேட்டதில்லை. முதல் கேசட்டில் இருந்தது போல எனக்கென்று ஒரு வரிகூட அவற்றில் இல்லை. கடைசிப் பாட்டு எனக்கு முழுதாகத் தெரியும். அந்தப் பிள்ளை நின்ற இடத்திலேயே பாடிக் காட்டியிருக்கலாம். கேட்ட காப்பியை மட்டும் போட்டுக் கொடுத்து, வெயிலில் வைக்காதீர்கள் என்று சொல்லி அனுப்பினேன்.