உங்க தெருவைக் கூட்ட மாட்டேன்

நாமக்கல் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். இளையவள் திடீரென்று சொன்னாள்.

"உங்க தெருவை நான் கூட்ட மாட்டேனுங்கக்கா."

இருவரும் பேரூராட்சித் துப்புரவுப் பணியாளர்கள் என்று பேச்சிலிருந்து தெரிந்தது. நிதி இல்லையென்று மூத்தவரை நிறுத்திவிட்டு, அவர் தெருவையும் இளையவளிடமே கொடுத்துவிட்டார்கள். நிறுத்தப்பட்டவர்களின் தெருவை யாரும் தொடக்கூடாது என்பது சங்கத்தின் முடிவு. நிறுத்தியதை எதிர்த்து நடக்கும் ஆர்ப்பாட்டத்துக்குத்தான் போய்க்கொண்டிருந்தார்கள்.

"சங்கம் ஆயிரம் சொல்லும் சாமி. மேஸ்திரி உன்னையும் நிறுத்திப்போட்டா என்ன பண்ணுவே? ரெண்டு புள்ளைங்க படிக்குது."

"நிறுத்தட்டுங்க."

"குப்பை நாறுதுன்னு அந்தத் தெருச்சனம் என்னையக் கூப்புட்டுச் சொல்லுது. எனக்காவக் கூட்டிரு."

"நான் கூட்டிட்டா ரெண்டு தெருவுக்கு ஒரு ஆளே போதும்னு முடிவு பண்ணீருவாங்க. அப்பறம் நீங்க எப்புடிங்க திரும்பி வருவீங்க?"

 

கலெக்டர் ஆபீஸ் ஸ்டாப்பில் சங்கத்துக்காரர்கள் ஏற்கெனவே கூடியிருந்தார்கள். யாரோ செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார். மூத்தவர்தான் முதலில் எழுந்தார்.

"எனக்குத்தான் வேலை போயிருச்சே, நான் முன்னால நிக்கறேன். நீ பின்னால நில்லு. போட்டாவுல உழுந்தராதே."