முத்திரை விழாத கடிதம்

எழுத்து உள்பக்கம் வரும்படி கடிதத்தை மூன்றாக மடிக்க வேண்டும் என்று எங்கள் பள்ளியில் சொல்லிக்கொடுத்தார்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. இன்றுவரை நான் வேறு மாதிரி மடித்ததில்லை.

புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நிதி தரும் அறக்கட்டளையில் பத்தொன்பது ஆண்டுகளாகக் கடிதப் பிரிவைப் பார்க்கிறேன். ஆய்வுக்கூடத்திலிருந்து தலைவருக்கோ மருத்துவமனைக்கோ போகிற எந்தத் தாளும் என் மேசையைத் தாண்டித்தான் போகும். நான் தேதி முத்திரை குத்தினால்தான் ஒரு கடிதம் வந்ததாக அர்த்தம். அந்த விதி நான் உண்டாக்கியதல்ல.

எங்கள் விஞ்ஞானிகளில் இளையவளைச் சுண்டெலி என்போம். எலிக்கூண்டுகளோடேயே கிடப்பாள், சாப்பிட மறந்துவிடுவாள். அவள் கண்டுபிடித்த மருந்தை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். அந்தப் பட்டியலில் என் அக்காவும் இருந்தாள். அலைந்து திரிந்து அவளுக்கு இடம் வாங்கியவன் நான்தான்.

ஒரு திங்கட்கிழமை சுண்டெலி தானே உறையோடு வந்தாள்.

"அண்ணா, எலிங்களுக்கு இதயம் வீங்குது. மருந்தை உடனே நிறுத்தணும். இது இன்னிக்கே தலைவர் கைக்குப் போகணும்."

"போயிடும்மா. மொதல்ல தண்ணி குடி."

நிதியைப் புதுப்பிக்கும் கூட்டத்துக்குப் பதினெட்டு நாள் இருந்தது. போன வருடம் இப்படியொரு நேர்மையான கடிதத்தை அன்றைக்கே அனுப்பினேன். எழுதியவருக்கு நிதி நின்றது. அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கிப் போனார். இந்தப் பெண்ணுக்கு அப்படி ஆகக் கூடாது. கூட்டம் முடியட்டும் என்று உறையை இழுப்பறையில் வைத்தேன். முத்திரை குத்தவில்லை.

தினமும் போன் செய்தாள்.

"தலைவர் பாத்தாராண்ணா? நானே பேசட்டுமா? பயமா இருக்கு."

"பாத்துக்கிட்டுதாம்மா இருக்கார். நீ குறுக்கே போனா காரியம் கெட்டுடும்."

ஒன்பதாம் நாள் அக்கா வீட்டுக்குப் போனேன். சுவரில் தலையணையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள். பாதம் வீங்கிச் செருப்பு நுழையவில்லை. உள்ளங்கையில் மாத்திரை.

"டேய், படுத்தா மூச்சு முட்டுதுடா. இதை நிறுத்திடட்டுமா? அந்த ஆபீஸ்லயே இருக்கே, உனக்குத் தெரியாததா?"

அவள் நிறுத்தினால் மருத்துவமனையில் காரணம் கேட்பார்கள்.

"மருந்து வேலை செய்யுதுக்கா. முழுங்கு."

"எனக்கு ஏதாவது ஆச்சு, கனவுல வந்து உன் காதைத் திருகுவேன்," என்று சிரித்தாள். கண் சிரிக்கவில்லை. தண்ணீர் டம்ளரை நான்தான் பிடித்தேன்.

கூட்டத்தில் எல்லோரும் கைதூக்கினார்கள். சுண்டெலிக்கு இன்னும் மூன்று ஆண்டு நிதி. அன்று மாலைக்குள் மருத்துவமனைப் பட்டியலில் இறந்துபோன மூவரின் பெயர் குறைந்திருந்தது. கடைசிப் பெயர் அக்காவுடையது. உறையை எடுத்தேன். அன்றைய தேதியை முத்திரை குத்தித் தலைவர் மேசையில் வைத்தேன்.

ஏன் இவ்வளவு தாமதமாக எழுதினாய் என்று இப்போது சுண்டெலியைத்தான் அறக்கட்டளையில் விசாரிக்கிறார்களாம். "அண்ணாகிட்ட அப்பவே குடுத்தேனே" என்பதைத் தவிர வேறு பேச்சு வரவில்லையாம். பாவம். அவளுக்காகத்தான் இத்தனையும் செய்தேன்.

பயமில்லையா என்று கேட்டீர்கள். இல்லை. படுத்தால் மட்டும் மூச்சு முட்டுகிறது, உட்கார்ந்தே தூங்குகிறேன்.

கேட்டதையெல்லாம் எழுதிக் கையெழுத்திட்டு, மூன்றாக மடித்து உங்கள் முன்னால் வைத்திருக்கிறேன். நீங்கள் இன்னும் முத்திரை குத்தவில்லை, ஐயா. அதுவரைக்கும் நான் எதையும் ஒப்புக்கொண்டதாக ஆகாது.