நான்காவது டேக்

உங்கள் ஸ்டேஷன் டீ நன்றாக இருக்கிறது, ஐயா. எங்கள் மத்திகிரிக் கடையில் இவ்வளவு இஞ்சி போட மாட்டார்கள். ஏட்டய்யா மெதுவாகவே எழுதட்டும், எனக்கு அவசரமில்லை. பேப்பரில் வந்த ஒரு தவறைத் திருத்தத்தான் வந்தேன்.

நான் ஆவணப்பட இயக்குநர். முன்பு கல்யாண வீடியோ எடுத்தவன்தானே என்று சிலர் சொல்வார்கள். எடுத்தேன். தாலி கட்டும்போதுகூட மாப்பிள்ளை கேமராவைப் பார்த்துத்தான் சிரிப்பான். பத்து வருடம் அந்தப் பொய்யைப் பார்த்துப் பார்த்துத்தான் எனக்கு உண்மையின் மேல் பசி வந்தது. ஜிப்பா போட ஆரம்பித்ததும் அப்போதுதான்.

போன வருடம், 2006-இல், முனிராஜின் கதையைக் கையில் எடுத்தேன். ஓசூரில் ராமப்பன் நடத்தும், இரும்புத் தகடு வெட்டுகிற சின்ன பிரஸ் ஷாப்பில் வேலை பார்த்தவர். தகட்டை உள்ளே வைத்து, இரண்டு கையாலும் இரண்டு பட்டனை அழுத்தினால்தான் பிரஸ் இறங்கும். கை உள்ளே மாட்டக் கூடாது என்றுதான் அந்த ஏற்பாடு. ஆனால் அப்படிச் செய்தால் மணிக்குக் கேட்கிற பீஸ் வராது. அதனால் ஒரு பட்டனை அழுத்தி, இடுக்கில் தீக்குச்சியைச் சொருகிவிடுவார்கள். ஒரு கை மிச்சம். முனிராஜுக்கு அந்த மிச்சக் கைதான் போனது.

மிஷின் முன்னால் மறுபடி நிற்க அவர் ஒத்துக்கொள்ளவில்லை. அதே ஷாப்பில் வேலை செய்யும் தம்பி மணிவேல், முதுகுப் பக்கம் பார்த்தால் அப்படியே அண்ணன்தான்.

"அண்ணன் மாதிரி நடிக்கச் சொல்லுங்க சார், நடிக்கிறேன். அண்ணன் மாதிரி பொழைக்க மட்டும் சொல்லாதீங்க" என்று சிரித்தான்.

அவன் மனைவி ராஜாத்தி சிரிக்கவில்லை. "கரண்டை அமத்திட்டு எடுங்க சார்."

"மோட்டார் சத்தம் இல்லாட்டி உண்மை இருக்காதும்மா. மிஷினுக்குப் பின்னால இருக்கிற சாவியை எடுத்துட்டா மோட்டார் ஓடும், பட்டன் வேலை செய்யாது."

"அப்ப சாவி எங்கிட்ட இருக்கட்டும். ஒரு வூட்டுல ரெண்டு கை போச்சுன்னா சோறு யாரு போடறது, நீங்களா?"

கொடுத்தேன். உள்ளங்கையில் இறுக்கிக்கொண்டாள். மூடிய அந்தக் கையை ஒரு குளோசப் எடுத்தேன். படத்தில் இருக்கிறது, நல்ல ஷாட்.

தீக்குச்சியையும் சொருகச் சொன்னேன். உண்மை என்றால் முழுசாக இருக்க வேண்டும். முதல் டேக்கில் மணிவேல் கேமராவைப் பார்த்தான். இரண்டாவதில் சிரித்துவிட்டான். மூன்றாவதில் ஊருக்கே கேட்கிற மாதிரி அலறினான். ஓரமாக ஸ்டூலில் உட்கார்ந்திருந்த முனிராஜ் சொன்னார்: "டேய், நான் கத்தவே இல்லடா. பீஸ் சரியா வுழுந்துச்சான்னுதான் மொதல்ல பார்த்தேன்."

ஐயா, அந்த ஒரு பார்வைக்காகத்தான் நான் இந்தத் தொழிலுக்கு வந்தேன். யாராலும் அதை நடித்துக் காட்ட முடியாது. மூன்று வாய்ப்புக் கொடுத்தேன். நான் அவசரப்பட்டதாக யாரும் சொல்ல முடியாது.

டேப் மாற்ற வேண்டும் என்று சொல்லி எல்லோரையும் டீக்கு அனுப்பினேன். வந்ததும் நான்காவது டேக். பிரஸ் இறங்கியது.

மணிவேல் கத்தவில்லை. குனிந்து பீஸைப் பார்த்தான். அண்ணன் சொன்னது எவ்வளவு துல்லியம் என்று எனக்குச் சிலிர்த்துவிட்டது. பதினொரு விநாடி. ஃபோகஸ் கொஞ்சமும் விலகவில்லை. கத்தியது ராஜாத்திதான். அந்தச் சத்தத்தை எடிட்டிங்கில் எடுத்துவிட்டேன், கொஞ்சம் மிகையாக இருந்தது. பிறகு அவள் கையைத் திறந்து பார்த்தாள். சாவி அங்கேயே இருந்தது. மூடினாள், மறுபடி திறந்து பார்த்தாள்.

சாவியில்லாமலே இறங்குகிற பழுதான மிஷினை ஓட்டினார் என்று ராமப்பனை உள்ளே வைத்தீர்கள். நானும் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன்.

போன வாரம் பெங்களூரில் படத்துக்கு விருது கொடுத்தார்கள். அண்ணன் தம்பி இருவரையும் மேடையேற்றினேன். அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. அவர்கள் இரண்டு பேரும் தட்டவில்லை. மரியாதை தெரியாதவர்கள் என்று முதலில் நினைத்தேன். அப்புறம்தான் காரணம் புரிந்தது.

அதுகூடப் பரவாயில்லை. நடுவர் மைக்கைப் பிடித்து, 'இயக்குநரின் அதிர்ஷ்டம்' என்றார். மறுநாள் பேப்பரில் 'கேமராவில் தற்செயலாகச் சிக்கிய விபத்து' என்று கொட்டை எழுத்தில் போட்டார்கள். மூன்று நாளாக எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை, ஐயா. ஒருவனின் உழைப்பை இப்படியா கொச்சைப்படுத்துவது?

இந்தாருங்கள், இரண்டாவது சாவி. படப்பிடிப்புக்கு ஒரு வாரம் முன்பே ராமப்பனின் மேஜை டிராயரிலிருந்து எடுத்து வைத்துக்கொண்டேன். எல்லோரும் டீ குடித்துக்கொண்டிருந்தபோது மிஷினுக்குப் பின்னால் போய்த் திருப்பிவிட்டேன். மணிவேலை ஆட்டோவில் ஏற்றிய கூச்சலில் திரும்ப எடுத்துக்கொண்டேன். ராமப்பனை விட்டுவிடுங்கள், பாவம், அவருக்கு சினிமாவைப் பற்றி ஒன்றும் தெரியாது.

ஏட்டய்யா, விபத்து என்று எழுதியிருக்கிறீர்களே, அதை அடித்துவிடுங்கள். என் படத்தில் எதுவும் தானாக நடக்காது. டைரக்டர் எம். அழகர்சாமி என்று எழுதுங்கள். இனிஷியலை விட்டுவிட வேண்டாம்.