சரியான ஆயில்

வேங்கிக்கால் போகும் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இரண்டு பேர். மடியில் ஆயில் கேன் வைத்திருந்தவர் திடீரென்று சொன்னார்: "எங்க அண்ணன கொன்னது நான்தான்பா."

"என்ன பேச்சு இது? ஏரிக்கரை சரிவுல டிராக்டர் கவுந்து செத்தாரு."

"சின்ன வண்டிப்பா அது. கியர் ஆயில்லயேதான் பிரேக்கும் முங்கியிருக்குது. அதுக்குன்னு தனி ஆயில் இருக்குது. நான் லாரிக்கு வச்சிருந்தத ஊத்திட்டேன். பிரேக் வழுக்குது, என்னடா ஊத்தினேன்னு கேட்டாரு. சரியான ஆயில்தான்னேன்."

"அண்ணிக்குத் தெரியுமா?"

"குடிச்சிட்டு ஓட்டினாருன்னு ஊரே பேசுது. அப்படியான்னு அண்ணி என்னைக் கேட்டாங்க. ஆமான்னுட்டேன்."

மற்றவர் கேனைப் பார்த்தார். "இது எதுக்கு?"

"நாளையிலேருந்து அண்ணிதான் ஓட்டப்போறாங்க."