கிளி மாப்பிள்ளை

வாழைக்காய் துருவிச் சுட்ட பில்ஹியை ஆறவிட்டுத்தான் வெட்ட வேண்டும். என் வீட்டுக்காரர் பார்க்கினுக்கு அந்தப் பொறுமை கிடையாது. சுடச்சுடப் பிய்த்துத் தின்று நாக்கைச் சுட்டுக்கொள்வார். இந்த வருடம் அவர் அடுப்புப் பக்கமே வரவில்லை.

நீங்கள் பூனையைப் பற்றி விசாரிக்க வந்திருக்கிறீர்கள். அதற்கு முன் கிளியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் நார்ஃபோக் தீவுப் பச்சைக்கிளியில் பெட்டைதான் அடைகாக்கும். பொந்தை விட்டு நகராது. சேவல் இரையோடு வந்து வெளியே நின்று 'கெக்கெக்' என்று கூப்பிடும். பெட்டை வந்து அதன் அலகிலிருந்து வாங்கித் தின்றுவிட்டு உள்ளே போகும். இந்த முறை தீவிலேயே முட்டையிட்டது ஒரே பெட்டை. அதன் சேவல் புயலில் போய்விட்டது. வனக்காவலரான என் கணவர் அந்த இடத்தை எடுத்துக்கொண்டார். பைன் விதையும் கொய்யாவும் பொறுக்கிக்கொண்டு போய், பொந்தின் முன் மண்டியிட்டு, சேவல் குரலில் கூப்பிடுவார். அவள் வருவாள். அவர் கையிலிருந்து தின்பாள்.

கல்யாணமான புதிதில்கூட எனக்கு அவர் ஒரு வாய் ஊட்டியதில்லை. எனக்கு வயிறு எரிந்தது.

எங்கள் ஊரில் ஆளுக்கொரு பட்டப்பெயர் உண்டு. தொலைபேசிப் புத்தகத்தில்கூட அதைத்தான் அச்சடிப்பார்கள். அவருக்குக் 'கிளி மாப்பிள்ளை' என்று வைத்தார்கள். திருநாள் விருந்தில், எல்லோர் முன்னாலும் பக்கத்து வீட்டு மெர்வா கேட்டாள்:

"என்ன டெல்மா, உன் சக்களத்தி முட்டை போட்டுட்டாளாமே? பேரு வைக்க எப்போ கூப்பிடப் போற?"

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். "பொறாமைப்படாதடி. பாவம், அவளுக்கு என்னை விட்டா யாரு இருக்கா?"

"எனக்கு யாரு இருக்கா?"

"உனக்கென்ன, குத்துக்கல்லாட்டம் நல்லாத்தானே இருக்க."

அன்று முதல் பாத்திரம் கழுவும்போது நானும் 'கெக்கெக்' என்று கூப்பிட்டுப் பழகினேன். அப்படியொன்றும் கஷ்டமில்லை.

கப்பல் வந்தால் எங்கள் ஆண்கள் எல்லோரும் படகில் சரக்கிறக்கப் போய்விடுவார்கள். அடுத்த கப்பல் வந்த அன்று அவரும் போனார். நான் கொய்யாப்பழத்தோடு போய் மண்டியிட்டுக் கூப்பிட்டேன். அவள் உடனே வந்தாள். ஆள் மாறியிருப்பதுகூடத் தெரியவில்லை. அவ்வளவுதான் அவள் பாசம். தின்று முடிக்கும்வரை காத்திருந்தேன். கழுத்து என் கட்டைவிரல் பருமன்கூட இல்லை. ஒரே திருகுதான். அவளை எங்கள் வாழையடியில் புதைத்தேன். முட்டைகளை நான் தொடவே இல்லை. அவை தாமாகவே குளிர்ந்துபோயின.

பொந்தடியில் கிடந்த இறகுகளைப் பார்த்து, பூனைதான் என்று அவர் முடிவுசெய்தார். என் மடியில் தலைவைத்து அழுதார். "கூப்பிட்டா வெளிய வரணும்னு பழக்கினது நாந்தான் டெல்மா. பூனைக்கு நானே காட்டிக்கொடுத்துட்டேன்."

"விடுங்க, விதி அப்படி" என்று தலையைக் கோதிவிட்டேன். அதற்குப் பிறகு அவர் வாய் திறக்கவில்லை.

மெர்வாவின் பூனையைப் பிடித்து ஊசி போட்டுக் கொல்லப் போகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். வாயில்லா ஜீவன் மேல் பழி போடுவது பாவமில்லையா? அதனால்தான் இதையெல்லாம் சொல்கிறேன். மனசாட்சி என்று ஒன்று இருக்கிறதே.

அவரிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள், தாங்கமாட்டார். இப்போது வேளாவேளைக்கு என் எதிரில் உட்கார்ந்து சாப்பிடுகிறார். என்னோடு ஒரு வார்த்தை பேசுவதில்லை. வேறு யாரோடும்தான் பேசுவதில்லையே, எனக்கு அது போதும்.