இருட்டில் ஓடுகிறவர்களுக்காக

இருட்டில் ஓடுவதில் தப்பு ஒன்றும் இல்லை, மேடம். எங்கள் மேட்டில் எல்லாரும் அப்படித்தான் ஓடுகிறார்கள். வெயில் ஏறிவிட்டால் செம்மண் புழுதி நெஞ்சை அடைக்கும். பள்ளிக்கூடப் பிள்ளைகள், மாடுகள், மோட்டார் சைக்கிள்கள் என்று சாலை நிறைந்துவிடும். அதனால் கோழி கூவும்போதே கிளம்பிவிடுவார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படி ஓடினவன்தான். எப்படி ஓட வேண்டும் என்று தெரிந்திருந்தால் போதும்.

எதிரே வருகிற வண்டியைப் பார்த்தபடி ஓட வேண்டும். வண்டிக்கு முதுகைக் காட்டக் கூடாது. காதில் பாட்டை மாட்டிக்கொள்ளக் கூடாது. தினமும் ஒரே நேரத்தில் ஒரே வழியில் போகக் கூடாது. கெட்ட எண்ணத்தோடு யாராவது காத்திருந்தால் அவனுக்கு வசதியாகிவிடும். எல்லாவற்றுக்கும் மேலே, விளக்கு பட்டால் மின்னுகிற மாதிரி ஏதாவது உடம்பில் இருக்க வேண்டும். இதையெல்லாம் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பின்னால் வந்த லாரி என் இடுப்பை உடைத்த பிறகு நானாகத் தெரிந்துகொண்டேன். அந்த லாரிக்காரனை நான் குறை சொன்னதே இல்லை. கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு இருட்டில் ஓடினால் அவன்தான் என்ன செய்வான்?

ஓட்டம் போன பிறகு பால் வண்டி ஓட்டப் போனேன். விடிவதற்கு முன்னால் வீடு வீடாகப் பால் எடுத்து, குளிரூட்டும் நிலையத்துக்குக் கொண்டுபோக வேண்டும். ஓட்டக்காரர்கள் போகிற அதே சாலைதான். அந்த இருக்கையில் உட்கார்ந்தால்தான் தெரியும், மேடம். சாலை காலியாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருப்போம். திடீரென்று விளக்கின் ஓரத்தில் இரண்டு கால்கள் மட்டும் ஓடும். எத்தனையோ நாள் பிரேக்கை மிதித்துவிட்டு, ஸ்டீயரிங் மேல் தலையை வைத்து உட்கார்ந்திருக்கிறேன்.

அதனால்தான் மஞ்சள் கோட்டு தைக்கச் சொன்னேன். உங்கள் ஆட்கள் சாலையில் நிற்கும்போது போட்டுக்கொள்கிறார்களே, கையில்லாத கோட்டு, அதே மாதிரி. எல்டொரெட் டவுனுக்குப் போய்த் துணியும் மின்னும் பட்டையும் வாங்கி வந்தேன். என் மனைவி ஜெபிவொட் தைத்தாள். மழைக்காலம் முழுக்க எங்கள் வீட்டில் தையல் மெஷின் சத்தம்தான். நல்ல கை அவளுக்கு. ஒரு தையல்கூடக் கோணாது.

ஓட்டக்காரர்கள் ஓடி முடித்துச் சலீனாவின் டீக்கடையில்தான் கூடுவார்கள். மூட்டையை அங்கே கொண்டுபோய் இறக்கினேன். ஒவ்வொருவனுக்கும் என் கையாலேயே கொடுத்தேன். கிப்செரெம் ஒன்றை வாங்கி விரித்துப் பார்த்தான். அவனை உங்களுக்குத் தெரியும், இந்தப் பக்கத்தில் தெரியாதவர்கள் யார்? வெளிநாட்டில் மாரத்தான் ஜெயித்துவிட்டு வந்திருந்த நேரம். அவன் எந்தச் செருப்புப் போடுகிறானோ அதையே மற்றவர்களும் போடுவார்கள். அவன் டீக்குச் சர்க்கரையை நிறுத்தினால் சலீனா கடையில் சர்க்கரை மிஞ்சும்.

"மாமா, இதப் போட்டுட்டு ஓடுனா மட்டாட்டு வேன் ஓட்டுறவன்லாம் போலீஸுன்னு நெனச்சு வண்டிய ஓரங்கட்டி நோட்ட நீட்டுவானே" என்றான்.

மன்னிக்க வேண்டும், மேடம். அவன் சொன்னதை அப்படியே சொல்கிறேன். எல்லாரும் சிரித்தார்கள்.

"சிரிக்காதீங்கடா. இருட்டுல நீங்க இருக்கீங்கன்னே டிரைவருக்குத் தெரியாது" என்றேன்.

"எங்கள யாரும் புடிக்க முடியாது மாமா. லாரியா இருந்தாலும் பின்னாடிதான் வரணும்" என்றான். மறுபடியும் சிரிப்பு. சலீனாகூடக் கெண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள்.

ஆனாலும் கோட்டை யாரும் திருப்பித் தரவில்லை. அது எனக்கு நம்பிக்கையாக இருந்தது. மறுநாள் காலை ஜெபிவொட்டையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனேன். அவள் தைத்தது சாலையில் மின்னுவதை அவளும் பார்க்கட்டும் என்று நினைத்தேன். மரக்கன்றுத் தோட்டத்தின் அருகே ஓட்டக்காரர்கள் கூட்டமாக வந்தார்கள். ஒருவன் உடம்பிலும் கோட்டு இல்லை. கூட்டத்துக்குப் பின்னால் தண்ணீர் சுமக்கும் கழுதை ஒன்று ஓடிவந்தது. அதன்மேல் மஞ்சள் கோட்டு. முன்கால் இரண்டையும் கோட்டுக்குள் விட்டு, வயிற்றில் கயிறு கட்டியிருந்தார்கள். என் விளக்கு பட்டதும் அது மட்டும் பளபளவென்று மின்னியது. கிப்செரெம் சோளத் தட்டையைக் காட்டிக் காட்டி அதை ஓட்டிக்கொண்டு வந்தான்.

"மாமா, உங்க பேச்சக் கேக்குற ஒரே ஆளு இவன்தான்" என்று கத்தினான். "இவனுக்கு ஒண்ணும் ஆகாது, பாத்துக்குங்க."

நானும் சிரித்தேன். இளவட்டங்கள் விளையாடுவார்கள், அதைப் போய்ப் பெரிதாக எடுத்துக்கொள்வதா? ஜெபிவொட் வாயைத் துணியால் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். வீடு போய்ச் சேர்கிற வரைக்கும் சிரித்தாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. இதற்கும் பிறகு நடந்ததற்கும் சம்பந்தம் இல்லை. நீங்கள் எழுதிக்கொள்வதாக இருந்தால் அதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

அதன் பிறகு நான் நிதானமாக யோசித்தேன். அடுத்த மேட்டில் போன வருஷம் ஒரு பெண்பிள்ளையை லாரி அடித்துவிட்டது. அதற்கு முன்னால் அங்கேயும் யாரும் எதுவும் போட்டதில்லை. அவளைப் புதைத்த மறுநாளிலிருந்து அங்கே எல்லாரும் பட்டை கட்டிக்கொண்டு ஓடுகிறார்கள். எத்தனை பேர் பிழைத்திருப்பார்கள்? சொல்லிச் சொல்லி வராத புத்தி ஒரு சவக்குழியைப் பார்த்ததும் வருகிறது. மனுஷ சுபாவம் அது.

ஆகவே எங்கள் மேட்டுக்கும் ஒன்று வேண்டியிருந்தது. அதாகவே நடக்கும்வரை காத்திருக்கலாம்தான். ஆனால் அது யாராக இருக்கும் என்று நம் கையில் இல்லையே. ஓட்டப் பயிற்சி முகாமுக்குப் புதிதாக ஒரு பெண் வந்திருந்தாள். வேறு ஊர்க்காரி, தனியாகத்தான் ஓடுவாள். அவளைப் பற்றியும் யோசித்தேன். அவளை இங்கே யாருக்கும் தெரியாது. இரண்டு நாள் பேசிவிட்டு மறந்துவிடுவார்கள். அந்தப் பிள்ளை வீணாகப் போயிருக்கும். எல்லாரும் யாரைப் பார்த்து நடக்கிறார்களோ அவனாக இருந்தால்தான் பலன் உண்டு. இதில் சொந்த விருப்பு வெறுப்பு எதுவும் இல்லை, பாருங்கள்.

கிப்செரெம் கூட்டத்தோடு சேர்வதற்கு முன்னால் வீட்டிலிருந்து தனியாக ஓடிவருவான். தினமும் அதே வழி, அதே நேரம். அது கூடாது என்று அவனிடம் பலமுறை சொல்லியிருக்கிறேன்.

மரக்கன்றுத் தோட்டத்து வளைவில் நடந்தது. விடிந்த பிறகு கூட்டத்தில் வந்தவர்கள்தான் அவனைப் பார்த்தார்கள். அவன் உடம்பில் மஞ்சள் கோட்டு இல்லை. அதை எல்லாரும் கவனித்தார்கள். யாரும் சொல்லிக் கொடுக்காமலே கவனித்தார்கள். "மாமா தலபாடா அடிச்சுக்கிட்டாரே, கேட்டானா?" என்று சலீனா அழுதாள். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

அவன் மனைவி ஜெமேலி பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்குப் போயிருந்தாள். அடக்கத்துக்கு அங்கிருந்து கூட்டிவந்தார்கள். நிற்க முடியாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். நான்தான் அவளுக்குப் பால் ஆற்றிக் கொடுத்தேன். "நீங்க சொன்னத அவரு கேட்டிருக்கணும் மாமா" என்றாள். பாதிரியார் ஜெபத்தை முடித்ததும் பலரும் கோட்டு கேட்டு என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். முதலில் கொடுத்ததையெல்லாம் மாட்டுக்கொட்டகையிலும் கோழிக்கூண்டிலும் போட்டுத் தொலைத்திருந்தார்கள். ஜெபிவொட் மறுபடியும் தைக்க உட்கார்ந்தாள். தைத்துக்கொண்டே அழுவாள். ஈரம் பட்டால் பட்டையின் பசை விட்டுவிடும் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

நாளைக்கு விடிவதற்கு முன்னால் இந்த ஜன்னல் வழியாகப் பாருங்கள், மேடம். ஒருவன் பாக்கியில்லாமல் போட்டிருப்பான். சாலையே ஒரு மின்னல் கோடு மாதிரி போகும். எனக்குக் கண் நிறைந்துவிடுகிறது.

சரி. அதை மேஜைமேல் எடுத்து வைத்துவிட்டீர்கள், அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஜெபிவொட்தான் கொண்டுவந்து கொடுத்திருப்பாள். பால் கேன்களுக்கு அடியில் சாக்கைப் போட்டு மூடி வைத்திருந்தேன். அவள் வண்டியைக் கழுவ மாட்டாள் என்று நினைத்தேன். கோட்டின் கழுத்தில் சிவப்பு நூல் தெரிகிறதல்லவா? மஞ்சள் நூல் தீர்ந்துபோய், அந்த ஒன்றை மட்டும் சிவப்பில் முடித்தாள். அவளுக்கு அடையாளம் தெரியாமல் இருக்குமா? நான் அதைத் துவைத்திருக்க வேண்டும். துவைத்தால் பட்டையின் பளபளப்புப் போய்விடும். அதனால் துவைக்கவில்லை.

அது நடந்ததற்கு முந்தின நாள் சாயங்காலம் கிப்செரெம் எங்கள் வீட்டுக்கு வந்தான். ஜெபிவொட் சர்ச்சில் பாட்டுப் பயிற்சிக்குப் போயிருந்தாள். வாசலிலேயே நின்றான். உள்ளே வரச் சொல்லி முர்சிக் ஊற்றிக் கொடுத்தேன். தயிர்ச் சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலே இருந்தான்.

"நேத்துக் காலைல ஒரு லாரி ஒரசிட்டுப் போச்சு மாமா. கைய நீட்டியிருந்தா கை போயிருக்கும்" என்றான். "ஜெமேலிய நெனச்சேன். பொறக்கப்போற பிள்ளைய நெனச்சேன். அன்னிக்குக் கழுதைக்குப் போட்டு விட்டது தப்பு மாமா. மனசுல வச்சுக்காதீங்க."

"வச்சுக்கல" என்றேன். உண்மையாகத்தான் சொன்னேன்.

"ஒண்ணு குடுங்க. நாளைக்கு நான் போட்டுட்டு வந்தா எல்லாப் பயலும் போடுவான். நானே பேசுறேன் அவனுங்ககிட்ட."

சிவப்பு நூல் போட்டதுதான் மிச்சம் இருந்தது. நானே மாட்டிவிட்டேன். பக்கவாட்டில் நாடாவை இறுக்கிக் கட்டி, எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்றும் சொல்லி அனுப்பினேன். போகும்போது என் கால்முட்டியைத் தொட்டுவிட்டுப் போனான்.

அவன்தான் திருந்திவிட்டானே, பிறகு எதற்கு என்று கேட்கப் போகிறீர்கள். உங்கள் முகத்திலேயே தெரிகிறது. நான் இரவு முழுக்க அதைத்தான் யோசித்தேன். அவன் போட்டால் மற்றவர்கள் போடுவார்கள், சரி. எத்தனை நாளைக்கு? அவனுக்கு அலுத்துப் போனால் எல்லாருக்கும் அலுத்துப் போகும். அதோடு, அவன் சொல்லித்தான் போட்டார்கள் என்று ஆகிவிடும். பழக்கம் நிலைக்க வேண்டுமென்றால் அடியில் பயம் இருக்க வேண்டும்.

காலையில் வளைவு திரும்பியதும் தூரத்திலேயே மின்னியது. எவ்வளவு தூரத்திலிருந்து தெரிகிறது என்று அன்றைக்குத்தான் நான் நேரில் பார்த்தேன். அருமையான வேலை. காதில் பாட்டு இல்லை. எதிரே பார்த்தபடி, சரியான பக்கத்தில் ஓடிவந்தான். என் வண்டிதான் என்று தெரிந்ததும் ஓரமாக நின்றான். இரண்டு கையாலும் கோட்டின் பட்டையைப் பிடித்து, எனக்குத் தெரிகிற மாதிரி நெஞ்சை விரித்துக் காட்டினான். சிரித்துக்கொண்டிருந்தான். நான் ஸ்டீயரிங்கை அந்தப் பக்கம் திருப்பினேன்.

இறங்கிப் போய்ப் பார்த்தேன். உயிர் இருந்தது. கோட்டோடு கிடந்தால் கோட்டினால் பிரயோஜனம் இல்லை என்று பேசிவிடுவார்களே, அதனால் நாடாவை அவிழ்த்தேன். காயத்தைப் பார்க்கத்தான் கழற்றுகிறேன் என்று நினைத்தானோ என்னவோ, ஒரு கையை அவனே தூக்கிக் கொடுத்தான். "மெதுவா மாமா" என்றான். மெதுவாகத்தான் கழற்றினேன்.

ஆனால் அவனை அப்படியே நடுச்சாலையில் விட்டுவிட்டுப் போய்விடவில்லை, மேடம். கோட்டு இல்லாதவன் இருட்டில் எந்த டிரைவருக்கும் தெரிய மாட்டான். வேறு வண்டி ஏதாவது ஏறிவிடக் கூடாதே என்று, அவனை இழுத்து ஓரத்துப் புல்லில் பத்திரமாகக் கிடத்திவிட்டுத்தான் போனேன்.